பாதையைக் காத்த பழைய குறிப்பு

பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது நாம் எதைக் கொண்டுபோக வேண்டும்? ஆத்திரத்தையா, ஆதாரத்தையா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பொழுதுபோக்குக்காக ஜீப் ஓட்டும் மனிதர்கள் ஒரு காட்டுப் பாதைக்காகக் கூட்டங்களுக்குப் போன கதை இதற்கு நல்ல விடை தருகின்றது.

ஜோர்ஜ்ரவுண் என்ற சிற்றூரின் பக்கமிருந்து சியெரா நெவாடா மலைகளை ஊடறுத்துத் தாஹோ ஏரியை நோக்கிச் செல்வது 'ரூபிக்கன்' பாதை. ஏறக்குறைய 22 மைல் நீளம். தார் இல்லை, பெரும் பாறைகளே உண்டு. நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வண்டிகளே அதில் ஏறும். 1953இல் ஜீப் ஓட்டுநர்கள் பெருங்கூட்டமாக இங்கு பயணம் செய்தனர். அதன்பின் அது உலகப் புகழ் பெற்றது.

புகழோடு அழுக்கும் வந்தது. பாறை நிலத்தில் மலசலகூடக் குழி வெட்ட மண் போதாது. வண்டித் தடங்களில் கரைந்த சேறு ஓடைகளில் இறங்கியது. பாறையில் அடிபட்ட வண்டிகளிலிருந்து ஒயில் வடிந்தது. மனிதக் கழிவு பெருகியதால் 2004இல் ஸ்பைடர் ஏரிக்கரையில் தங்குவது தடைசெய்யப்பட்டது.

இதற்கிடையில் சட்டமும் இறுகியது. அரச நிலங்களில் இத்தகைய வண்டிகளைக் கட்டுப்படுத்தும்படி 1972இல் ஜனாதிபதி நிக்சன் கட்டளையிட்டிருந்தார். 2005இல் வந்த புதிய விதிப்படி, வண்டி போகக்கூடிய பாதைகளை வனசேவைத் திணைக்களம் வரைபடத்தில் குறிக்கவேண்டும். குறிக்காத பாதையில் வண்டி போகக்கூடாது. முடிவெடுக்க முன்னர் மக்களின் கருத்தையும் கேட்கவேண்டும். ஆகவே, படத்தில் கோடு இல்லையென்றால் பாதையே இல்லை என்ற நிலை வந்தது. ஜீப் ஓட்டிகள் கூட்டங்களை நாடியது இதனால்தான்.

ரூபிக்கனைப் பொறுத்தவரை அவர்களிடம் ஒரு வலுவான ஆதாரம் இருந்தது. 1887இல் எல்டொராடோ மாவட்டச் சபை இப்பாதையைப் பொதுவீதி என்று பிரகடனம் செய்திருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்ட அந்தக் கூட்டக் குறிப்பே, 'இது மக்களின் வீதி' என்று வாதாட இடந்தந்தது.

ஆனால் உரிமை தனியே வருவதில்லை. 2009 ஏப்ரலில், அப்பகுதியின் நீர்த் தரத்தைக் கண்காணிக்கும் சபை இப்பிரச்சினையைப் பகிரங்கமாக விசாரித்தது. ஜீப் ஓட்டிகளும் சூழல் பாதுகாவலரும் வந்து பேசினர். பாதையை மூடும்படி சபை கட்டளையிடவில்லை. துப்புரவு செய்யும்படியே மாவட்டத்துக்கும் வனசேவைக்கும் கட்டளையிட்டது. வீதி எமது என்றவர்களின் தலையிலேயே அதன் அழுக்கும் விழுந்தது.

இங்கேதான் ஜீப் ஓட்டிகளைப் பாராட்ட வேண்டும். 2001இலேயே 'ரூபிக்கனின் நண்பர்கள்' என்ற தொண்டர் அமைப்பு தொடங்கியிருந்தது. குப்பை பொறுக்கினர்; அரித்த இடங்களைத் திருத்தினர்; கழிவைப் பையில் கட்டி வெளியே கொண்டுவரவும், சிந்திய ஒயிலை ஒற்றியெடுக்கவும் மற்றவர்களைப் பழக்கினர். நாம் சிரமதானம் என்போமே, அதுதான். பாதையைத் திறந்து வை என்று கேட்ட கைகளில் மண்வெட்டியும் இருந்தது.

இன்னுமொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1887இன் பிரகடனமே இதை 'இந்தியர் பாதை' என்றுதான் அழைத்தது. அமெரிக்க ஆதிக்குடிகளை அக்காலத்தில் வெள்ளையர் அழைத்த பெயர் அது. தாஹோ என்ற பெயரும் அங்கு வாழ்ந்த வாஷோ மக்களின் மொழியில் இருந்து வந்ததே. பாதையை முதலில் மிதித்தவர்கள் தம் நிலத்தை இழந்தார்கள். அவர்களது பாதையோ இன்னொருவரின் கூட்டக் குறிப்பில் 'பொதுவீதி' ஆனது. எழுதிவைத்தவனுக்கு உரிமை நின்றது, நடந்தவனுக்கு நிற்கவில்லை.

நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு இதன் கனம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கூட்டத்தில் பேசியதோடு நிற்காமல், அது குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். நம் பக்கத்துத் தவறை நாமே முதலில் சொல்லி, அதைத் திருத்தும் வேலையையும் ஏற்போம். பேச எழும்ப முன்னர் ஒருமுறை மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்போம்: இங்கே வரவேண்டியிருந்தும் வராமற்போனவர் யார்?