இணையத் தரகு

தரகு என்னும் சொல் எம்மவர்க்குப் புதியதன்று. மாசி, பங்குனியில் வந்தாறுமூலை வயல்களிற் சூடடித்து முடிந்ததும், வெளியூர் வியாபாரியின் லொறி தெருவில் வந்து நிற்கும். எவர் வளவில் எத்தனை மூடை நெல் உண்டு, அது எந்த இனம், காய்ந்ததா ஈரமா என்பன வியாபாரிக்குத் தெரியா. அறிந்த ஒருவர் முன்னே நடப்பார். விலை படிந்தால் மூடைக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். படியாவிட்டால் கால்நோவே மிச்சம். கடைத்தெருவில் இதனைக் கொமிசன் என்பர். நெல்லும் அவருடையதன்று, பணமும் அவருடையதன்று. இரு திறத்தாரும் அவர்மீது வைத்த நம்பிக்கையே அவருடைய கைமுதல். இப்பழந்தொழில் இன்று இணையத்திற் குடியேறியிருக்கின்றது. பழைய மாணவர் சிலர் இதுபற்றி எம்மை வினவினர். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று நகைப்போர் நகைக்க, அறிந்த அளவில் எழுதத் துணிந்தோம்.

இசைத்தட்டு விற்ற சிடிநவ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1994இலும், அந்நாளிற் புத்தகம் மட்டும் விற்றுவந்த அமேசன் 1996 யூலையிலும் இம்முறையைக் கைக்கொண்டன. ஒருவர் தாம் எழுதும் பக்கத்தில் ஒரு நூலைப் பற்றிக் கூறி, அதனை விற்கும் கடைக்கு ஓர் இணைப்பும் இட்டு வைப்பார். அவருக்கென்று கடை வழங்கிய அடையாளக் குறி அவ்விணைப்பினுள் மறைந்திருக்கும். வாசகர் அதனை அழுத்தியதும், குக்கி எனப்படும் சிறு குறிப்பொன்று அவருடைய கருவியிற் பதிந்துவிடும். ‘இவரை அனுப்பியவர் இன்னார்’ என்று கடை அறிவது அதனாலேயாம். அமேசன் 24 மணி நேரத்துள் வாங்கும் பொருளுக்கே பங்கு தரும். அந்நேரத்துட் கூடையில் இட்டுவைத்த பொருளாயின் 90 நாள் வரை தவணை உண்டு. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் பங்கும் உடன்போகும். விளம்பரம் வேறு, இது வேறு. கூகிள் நிறுவனம் 2018இல் தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் வழங்கத் தொடங்கியது. அங்கே பார்ப்பதற்கும் அழுத்துவதற்கும் காசு. தரகிலோ விற்றாற்றான் காசு.

கணக்கு ஒன்று பார்ப்போம். ஒரு பக்கத்தை 1,000 பேர் படிக்க, அவருள் 30 பேர் இணைப்பை அழுத்தி, 2 பேர் 5,000 ரூபாப் பொருளை வாங்கினர் என்க. நூற்றுக்கு 4 வீதம் தரகருக்குக் கிடைப்பது 400 ரூபா. இவ்வெண்கள் விளக்கத்தின் பொருட்டு நாமே இட்டவை. ஆயினும், ஆயிரம் பேர் வந்தனர் என்று மகிழ்வோர் இதனை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நன்று. ஆயிரத்தை இரண்டாயிரமாக்க ஓடுவதினும், வாங்கும் எண்ணத்தோடு வருபவர்க்கு எழுதுவதே எளிது. ‘உழவின் பெருமை’ என்று எழுதினால் வாசகர் மெச்சிவிட்டுப் போவார் (எம் போன்றோர் எழுதுவன பெரும்பாலும் இவ்வகையே). ‘இரண்டு ஏக்கருக்கு எந்த நீரிறைக்கும் இயந்திரம் போதும்’ என்று எழுதினால், அதனைத் தேடி வருபவர் பணத்தோடு வருவார். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் பிற மாவட்ட மாணவர் வருகின்றனர். நுளம்புவலை, மேசை விளக்கு, மடிக்கணினி ஆகியவற்றுள் எது உழைக்கும், எது ஒரு மாரிக்கே தாங்காது என்பதை இவ்வூர் இளைஞர் கூறினால், கொழும்பில் இருந்து எழுதுபவர் கூற்றினும் அது பயன்படும். ஆனால் தாம் கையாண்ட பொருளையே கூறல் வேண்டும், குறையையும் மறைத்தலாகாது.

தரகு பெறுவதையும் ஒளித்தலாகாது. புகார் நகர வணிகர் தம் பொருளின் விலையை வெளிப்படக் கூறி விற்றமையைப் பட்டினப்பாலை பாராட்டும். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 2009இல் திருத்திய நெறிமுறைகளும், இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வகுத்த நெறிமுறைகளும் ஏறத்தாழ இதனையே வேண்டுகின்றன: பங்கு பெற்றுப் பரிந்துரைப்பவர் அதனை வாசகர் கண்ணிற்படச் சொல்லல் வேண்டும். அமேசனின் ஒப்பந்தமும் அவ்வாறே விதிக்கின்றது.

கடை கூட்டியும் குறைத்தும் தருவது கடையின் விருப்பம். 2020 ஏப்ரிலில் அமேசன் அமெரிக்காவில் தளபாடங்களுக்கான பங்கை நூற்றுக்கு 8இலிருந்து 3ஆகவும், பலசரக்குக்கு 5இலிருந்து 1ஆகவும் குறைத்தது. ஒரே கடையை நம்பியிருந்தோர் ஒரே நாளில் வருவாயிற் பாதிக்கு மேல் இழந்தனர். ஆதலின் இரண்டு மூன்று கடைகளுடன் தொடர்பு வைத்தல் வேண்டும்.

இனி, இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். எம்மிடம் படித்த மாணவர் ஒருவர், ‘இணையத் தரகு’ என்ற பெயரைக் கேட்டு ஒரு கூட்டத்திற் சேர்ந்தார். சேர்வதற்கே பணம் கட்டவேண்டும் என்றனர். தாயாரின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. பொருள் என்று ஒன்றைக் காட்டினர். எனினும் அதனை விற்குமாறு எவரும் கேட்கவில்லை. இருவரைச் சேர், அவ்விருவரும் இவ்விருவரைச் சேர்க்கட்டும் என்பதே பாடம். சில மாதத்தில் அலுவலகம் பூட்டப்பட்டது. இவர் சேர்த்த இருவரும் இவருடைய உறவினர். இன்றுவரை அவ்வீட்டாரோடு பேச்சில்லை.

இது தரகன்று, பிரமிட் திட்டம். மெய்யான தரகுத் திட்டத்திற் சேர்வதற்குக் கட்டணம் இல்லை; ஆள் சேர்த்தலால் அன்றிப் பொருள் விற்றலாற் பணம் வரும். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம், பின்வந்த திருத்தங்களின்படி, பிரமிட் திட்டத்தை நடத்துவதை மட்டுமன்றி ஊக்குவிப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. ஏமாந்தவரே பிறரைச் சேர்த்தமையாற் குற்றவாளியாதலும் கூடும் என்பதை இளைஞர் பலர் அறியார். தடைசெய்யப்பட்டவை என்று தான் முடிவு செய்த திட்டங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி வெளியிட்டு வருகின்றது. பணம் கட்டுமுன் அப்பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பட்டியலிற் பெயர் இல்லாமை மட்டும் சான்றாகாது. கூட்டம் புதியதாயின் பெயர் ஏறியிராது.

வெளிநாட்டுக் கடையுடன் இணைவோர், பங்குப் பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எவ்வழியால் வரும், எத்தொகை சேர்ந்தபின் அனுப்புவர், இடையில் எவர் எவ்வளவு கழிப்பர் என்னும் மூன்றையும் முதலிலேயே கேட்டு அறிதல் வேண்டும். மேற்கூறிய மாணவர் இப்போது மருந்து தெளிக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதி வருகின்றார். முதல் ஐந்து மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாம் மாதம் கிடைத்தது ஒரு மூடை உரத்துக்கும் போதாது. கொப்பி ஒன்றில் நாள்தோறும் கணக்கு எழுதுகின்றார். சங்கிலி இன்னும் மீளவில்லை.