பாட்டனார் பெயர் தெரியுமா?

பெயரைக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். வாப்பாவின் பெயரையும் சொல்லும். வாப்பாவின் வாப்பா பெயரைக் கேட்டபோது வகுப்பில் பாதிக் கைகள் இறங்கிவிட்டன. அதற்கும் மேலே ஒரு தலைமுறையைக் கேட்டேன். ஒரேயொரு மாணவி எழுந்து, "இந்தியாவில இருந்து வந்தவங்கன்னு சொல்வாங்க ஹஸ்ரத்" என்றாள். பெயர் அவளுக்கும் தெரியவில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில் ஓர் இறப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் நடக்கும் சிறிய மத்ரஸா அது.

இரத்த உறவைச் சேர்ந்து நடக்க உதவும் அளவுக்கு உங்கள் வம்சாவளியை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் போதனை திர்மிதியில் பதிவாகியுள்ளது. குறைஷிகளின் வம்ச வரலாற்றில் அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்கள் பெரும் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். குலப்பெருமை பேசுவதைத்தான் மார்க்கம் தடுத்தது. உறவை அறிவதை அல்ல. நம்மிலோ அறிவு போய்விட்டது, பெருமை மட்டும் சில வீடுகளில் மிஞ்சியிருக்கிறது!

சப்ரகமுவத் தோட்டங்களில் இது வெறும் ஆசைக்குரிய கேள்வியாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இதே கேள்வியைத்தான் கேட்டது. அதற்குமுன் இந்நாட்டில் பிறந்தவராயினும், வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமென்றால் தமது தந்தை இங்கு பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். கங்காணியின் பின்னால் கடல் கடந்து வந்து லயக் காம்பராவில் பிள்ளை பெற்றவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? இந்துக்கள், கிறிஸ்தவர்கள், இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் என்று பேதமின்றி இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோருக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். பூட்டனாரின் பெயர் தெரியாமல் போனதன் விலையை நம் பெரியவர்கள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் செலுத்தினார்கள்.

குடும்ப வரலாறு எழுதக் கற்றுத்தரும் இலவசப் பாடங்கள் இணையத்தில் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. 'பெமிலி சேர்ச்' என்பது அவற்றில் பெரியது. மோர்மன் எனப்படும் பிரிவினர் நடத்துவது அது. முறையைக் கற்றுக்கொள்வதில் தவறில்லை. நம் வீட்டார் பெயர்களை நம் கொப்பியிலேயே வைத்துக்கொள்வோம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தப் பாடங்களைத் தமிழாக்கினால் போதாது. இங்கிலாந்தில் 1538 முதல் தேவாலயப் பதிவேடுகளும், 1837 முதல் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவும் உள்ளன. குடும்பப் பெயர் என்ற கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னோக்கி நடக்கலாம். நமக்கு அந்தக் கயிறு இல்லை. வாப்பாவின் பெயர் நம் முதலெழுத்தாகிறது; நம் பெயர் பிள்ளையின் முதலெழுத்தாகிறது; பாட்டனார் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடுகிறார். மிஞ்சிய பெயரும் ஒரே பெயராக இராது. வீட்டில் 'காதர்' என்று அழைக்கப்பட்டவரைத் தோட்டக் கிளாக்கர் ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதினார். பிறப்புப் பதிவில் சிங்களத்தில் வேறுவிதமாக வந்தது. அடையாள அட்டையில் 'அப்துல் காதர்' ஆனார். மூன்று பேர் என்று நினைத்துத் தேடினால் ஒரே மனிதர்! எனவே, ஆரம்ப மாணவருக்கு முதற்பாடம் பெயர்தான். ஒருவரின் எல்லாப் பெயர்களையும், பட்டப்பெயர் உட்பட, எல்லா எழுத்துக்கூட்டல்களோடும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது பெரியவர்களிடம் கேட்பது. இதற்கு ஹதீஸ் கலையைவிட நல்ல ஆசான் இல்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கண்டதா, காதால் கேட்டதா என்று ஒவ்வொரு செய்திக்கும் இஸ்னாத் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவின் அலெக்ஸ் ஹேலி, தம் பாட்டியிடம் கேட்ட கதைகளைப் பிடித்துக்கொண்டு ஆபிரிக்காவின் காம்பியா வரை போனார். அதிலிருந்து பிறந்த 'ரூட்ஸ்' நூல் 1976இல் உலகையே கலக்கியது. பின்னர் ஆராய்ந்தவர்கள், காம்பியாவில் அவருக்குக் கதை சொன்னவர் அவர் கேட்க விரும்பியதையே சொல்லியிருக்கலாம் என்று ஐயம் எழுப்பினர். ஆகவே, "நாம கீழக்கரையா மூத்தம்மா?" என்று கேட்கக் கூடாது. "எந்த ஊர்ல இருந்து வந்தோம்னு சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

காகிதங்களும் உண்டு. பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய செக்ரோல், பிரஜாவுரிமைக் கடிதம், நிக்காஹ் பதிவு. நிக்காஹ் பதிவில் மணமகளின் வலீ யாரென்று இருக்கும். அவர் எந்த முறையில் வலீ என்று விசாரித்தால் பாட்டனாரோ பெரிய தகப்பனாரோ கிடைப்பார். பதியாத நிக்காஹ்வும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லும் என்பதால் எல்லாருக்கும் பதிவு கிடைக்காது. 1977, 1983 வன்செயல்களில் எரிந்தவை, 2003, 2017 வெள்ளங்களில் இரத்தினபுரியில் நனைந்தவை, 2016 மே மாதம் அரநாயக்க மண்சரிவில் புதைந்தவை எத்தனையோ. கையில் இருப்பதை இன்றே படம் பிடித்து வையுங்கள். அடையாள அட்டை இலக்கம் தெரியும் படங்களை மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

லயங்களில் அடுத்தடுத்த காம்பராத் தாய்மார் பிள்ளைகளை மாற்றிப் பாலூட்டியதுண்டு. ஒருத்தி கொழுந்துக்குப் போன நேரம் மற்றவள் தாயானாள். பால்குடி உறவில் திருமணம் ஹராம் என்பது தெரிந்ததே. அதை அறிந்த கிழவி மறைந்துவிட்டால் எந்தப் பதிவேடும் சொல்லாது. கொப்பியில் அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

சில குடும்பங்களில் மேலே போகப் போக முஸ்லிமல்லாத பாட்டி ஒருவர் வருவார். மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிமல்லாத தம் தாயாரைச் சேர்ந்து நடக்கலாமா என்று அஸ்மா (ரழி) கேட்டபோது நபியவர்கள் அனுமதித்தார்கள். வளர்ப்புப் பிள்ளையின் விஷயத்தில் மட்டும், தெரிந்த உண்மைத் தகப்பனின் பெயரையே எழுத வேண்டும். ஆனால் குழுவில் அல்ல.

எம் மத்ரஸாவில் இதையே ஐந்து ஐந்து நிமிடக் குரல் பதிவுகளாக, கட்டணமின்றி, கைபேசியில் அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். எழுதத் தெரியாத தாய்மாரும் கேட்கலாம் என்பதற்காகவே குரல். முதல் வாரம் பதினொரு பேர் கேட்டார்கள். அந்த மாணவி மறுவாரம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பூட்டனாரின் பெயருக்கு நேரே மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருந்தன. கீழே, "சொன்னவர்: பெரிய மாமி. அவர் கேட்டது: தன் உம்மாவிடம்" என்று எழுதியிருந்தாள். ஊர்ப் பெயருக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. "பலாங்கொடைல இன்னொரு மாமி இருக்காங்க, லீவுக்குப் போய்க் கேக்கணும்" என்றாள்.