சார்ஜர் சரி, லேப்டாப் சரி... நடுவில் என்ன கோளாறு?

டைப்-சி ஹப்பில் சொருகினால் லேப்டாப்பில் சார்ஜ் ஏறுவதில்லை. சில நாள் ஏறுகிறது, சில நாள் சொருகியிருக்கும்போதே இறங்குகிறது. தஞ்சாவூரைச் சுற்றி லேப்டாப்பை நம்பிப் பிழைப்பவர்கள் இன்று பல வகை. வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் படிக்கிற பிள்ளைகள், மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் திறந்த டைடல் நியோ பூங்காவுக்குப் போய்வருகிறவர்கள், சென்னைக் கம்பெனி வேலையை மன்னார்குடி வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்ப்பவர்கள். மெல்லிய லேப்டாப்பில் இரண்டே துளை. மானிட்டர், மௌஸ், பென்டிரைவ், சார்ஜர் எல்லாம் வேண்டும். அதனால் பையில் ஒரு ஹப்பும் வந்துவிட்டது.

சார்ஜ் ஏறாத லேப்டாப்பைப் பார்த்ததும் முதலில் வருகிற பயம், “போர்டு போயிடுச்சோ?” என்பதுதான். போர்டு மாற்றப் பதினைந்தாயிரம் ஆகும் என்று யாராவது சொன்னால் விவசாயி வீட்டில் அது சாதாரணத் தொகை இல்லை. 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 40 கிலோ சிப்பம் 1,018 ரூபாய். பதினைந்து சிப்பம் நெல்லைப் போர்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால், கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிட முடியும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளுக்கு உருண்டைப் பின் சார்ஜர். அதற்கென்று ஒரே சார்ஜர், ஒரே துளை. பழுது என்றால் சார்ஜரா, கணினியா, இரண்டில் ஒன்று. டைப்-சி வந்தபின் சார்ஜர், கேபிள், ஹப், லேப்டாப் என்று நாலு பேர் சம்பந்தப்படுகிறார்கள். நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் சார்ஜ் ஏறும்.

டைப்-சி சார்ஜர் எடுத்த எடுப்பில் 5 வோல்ட்தான் தரும். பிறகு, ‘என்னால் 9, 15, 20 வோல்ட் தர முடியும், இத்தனை ஆம்பியர் தர முடியும்’ என்று ஒரு பட்டியலைக் கேபிள் வழியே அனுப்பும். லேப்டாப் அதில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பவர் டெலிவரி, சுருக்கமாகப் பி.டி., என்று சார்ஜர் மேல் அச்சிட்டிருப்பது இந்தப் பேச்சுவார்த்தையைத்தான். நடுவில் ஹப் இருந்தால், சார்ஜரின் பட்டியலை முதலில் அது வாங்கிப் பார்க்கும். தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை லேப்டாப்பிடம் சொல்லும். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்துத் தலைஞாயிறு கடைமடைக்கு என்ன வரும் என்று சொல்ல முடியாது. கல்லணையில் எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பிரிக்கிற இடம் ஹப்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பெரும்பாலான ஹப்கள் தங்களுக்கும், தங்களில் மாட்டுகிற பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கும் சேர்த்து 10 முதல் 15 வாட் வரை ஒதுக்கிவிடுகின்றன. எதையும் மாட்டாவிட்டாலும் ஒதுக்குவது ஒதுக்குவதுதான். 65 வாட் சார்ஜரில் 15 போனால் லேப்டாப்புக்கு 50. எழுத்து வேலைக்கு அது போதும். வீடியோ எடிட்டிங் செய்தால் வருவதைவிடச் செலவு அதிகமாகி, சொருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். 45 வாட் சார்ஜரில் 30தான் மிஞ்சும், சில லேப்டாப்கள் அதை ஏற்கவே மறுத்துவிடும். ஹப் மேல் ‘100 வாட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே வாங்குகிற அளவு. லேப்டாப்புக்குப் போய்ச் சேருகிற அளவைப் பெரிய எழுத்தில் அச்சிடாமல் விற்பது சரியில்லை. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேபிள் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக, கேபிளின் முனைக்குள் தன் தாங்குதிறனைச் சொல்கிற ஒரு சிறு சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளை 100 வாட் சார்ஜரில் மாட்டினாலும் 60தான் வரும். ஹப் தன் 15ஐ எடுத்ததும் 45. சார்ஜருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் கேபிளில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததால் வருகிற வினை இது.

இன்னொன்று, போன் சார்ஜர். ‘80 வாட்’ என்று போட்டிருக்கிறதே, 65 வாட் லேப்டாப்புக்கு ஏன் போதாது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பல போன் கம்பெனிகளின் அதிவேக சார்ஜிங் அந்தந்தக் கம்பெனி போனுக்கு மட்டுமே புரிகிற தனி முறை. வேறு கருவியை மாட்டினால் அதே சார்ஜர் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடலாம். சார்ஜர் பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி முனையும் மறுபக்கம் டைப்-சியும் உள்ள கேபிள் என்றால், பி.டி. பேச்சுவார்த்தைக்கு அதில் வழியே கிடையாது. இரண்டு முனையும் டைப்-சியாக இருக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஹப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். சார்ஜ் ஏறினால் லேப்டாப்பும் சார்ஜரும் கேபிளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். போர்டு பயம் அதோடு போகட்டும். ஏறாவிட்டால், லேப்டாப்பின் எல்லா டைப்-சி துளையும் சார்ஜ் ஏற்காது என்பதை நினைவில் வைத்து, பக்கத்தில் பேட்டரியோ பிளக்கோ வரைந்திருக்கிற துளையில் மாட்டிப் பாருங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்து ஹப்பை வெறுமையாக மாட்டி, அதில் ‘பி.டி.’ என்று குறித்த துளையில் சார்ஜரைச் சொருகுங்கள். பக்கத்திலேயே அதே வடிவில் டேட்டாவுக்கு மட்டுமான துளை இருக்கும், கை தவறி அதில் போய்விடும். வெறும் ஹப்பில் ஏறுகிறது என்றால் மானிட்டர், ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அங்கே இருக்கிறது விடை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வோல்ட்டும் ஆம்பியரும் காட்டுகிற சிறிய டைப்-சி மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. விடுதி அறைக்கு ஒன்று இருந்தால் எல்லோருக்கும் உதவும்.

80 விழுக்காட்டில் அசையாமல் நிற்பது பெரும்பாலும் கோளாறே இல்லை. பேட்டரி ஆயுளைக் காக்க லேப்டாப் கம்பெனியே வைத்திருக்கிற கட்டுப்பாடு அது. அமைப்பில் போய் விலக்கிக்கொள்ளலாம்.

நம் பகுதிக்கே உரிய சில காரணங்களும் உண்டு. மாலையில் மோட்டார்கள் ஓடி விளக்கு மங்கினால் லேப்டாப் சார்ஜரைச் சந்தேகிக்காதீர்கள், பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. தொல்லை தருவது கரண்ட் போய்ப் போய் வருவதுதான். அந்த நொடியில் பேச்சுவார்த்தை பாதியில் அறுந்து ஹப் மரத்துப்போய் நிற்கலாம். சார்ஜரையும் ஹப்பையும் முழுவதும் கழற்றி, அரை நிமிடம் விட்டு மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். தை, மாசி அறுவடையில் மெஷின் கிளப்புகிற தூசி டைப்-சி துளைக்குள் போய் இறுகும், பின் முழுதாக உட்காராது. லேப்டாப்பை அணைத்துவிட்டு மெல்லிய மரக் குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசியோ சேஃப்டி பின்னோ வேண்டவே வேண்டாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று பின்னில் பச்சைக் களிம்பு ஏற்றும். அப்படி ஏறிய கேபிளைத் தூக்கிப் போடுவதே நல்லது, அது நல்ல துளையையும் கெடுத்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பேட்டரியின் சூடு 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லேப்டாப் தானாகவே சார்ஜைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். ஹப்பும் சுடும். அதன் மேல் புத்தகத்தை வைத்து மூடாதீர்கள்.

டைப்-சிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் தரம் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் இந்தத் துளையைக் கட்டாயமாக்கியது. வீட்டில் ஒரே சார்ஜர் போதும் என்ற நிலை நமக்கும் நல்லதுதான். ஆனால் துளை ஒன்றாகிவிட்டதே தவிர, உள்ளே ஓடுகிற வாட் ஒன்றாகவில்லை. கேபிளின் உறையில் வாட் அளவைத் தெளிவாக அச்சிட வைக்காமல் இந்தக் குழப்பம் தீராது.

2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. மழைக்காலத்துக்கு முன்பே 45 வாட்டோ அதற்கு மேலோ வெளியே தரக்கூடிய பி.டி. பவர்பேங்க் ஒன்றை வாங்கி முழுவதும் ஏற்றி வையுங்கள். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி. வீணாவது போக, சாதாரண லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு முறை நிரப்பும். அதை ஹப் வழியாக மாட்டாமல் லேப்டாப்பில் நேராக மாட்டுங்கள். ஹப் எடுத்துக்கொள்கிற வாட்டும் அப்போது மிச்சம்.