மலை ஏறாத காப்பீட்டு அட்டை

ஏற்காட்டுத் தோட்டங்களின் லைன் வீடுகளில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால், முதலில் எழும் கேள்வி 'யாரிடம் கடன் கேட்பது?' என்பதுதான். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். 'காப்பீட்டு அட்டை இருக்கிறதா?' என்ற கேள்வி பெரும்பாலும் மருத்துவமனை வாசலில்தான் வருகிறது.

அண்மையில் நாகலூர் பக்கம் ஒரு தலித் குடும்பத்தைச் சந்தித்தோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. கீழேயிருந்து வந்த முகவர் ஒருவர் தனியார் மருத்துவ பாலிசி எடுக்கச் சொல்லியிருக்கிறார். "தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடட்டுமா?" என்று அந்த அக்கா எங்களிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன கணக்கை இங்கே எல்லோருக்கும் சொல்கிறோம்.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குத் தனியார் பாலிசி எடுத்தால், பல நிறுவனங்களில் ஆண்டுக் கட்டணமே பத்தாயிரத்தைத் தாண்டும். வயது கூடக் கூடக் கட்டணமும் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது உண்மைதான். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனங்களுக்கு விதியே இடம் தருகிறது. ஓர் ஆண்டு கட்டணம் கட்டத் தவறினால் பாலிசி காலாவதியாகிவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது குடும்பத்துக்கு 849 ரூபாய் என அரசே யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குக் கட்ட ஒப்பந்தமானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பழைய நோய்க்குக் காத்திருப்பு கிடையாது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு, வருமானம் எதுவாக இருந்தாலும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் வரை வழி உண்டு.

மூன்றாவது, இஎஸ்ஐ. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கரிடம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அதர்கார் அறிக்கை உருவானது. 1948இல் சட்டம் வந்தது. பத்தாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளி மாதம் 75 ரூபாய் கட்டுகிறார். முதலாளி 325 ரூபாய் கட்டுகிறார். குடும்பத்துக்குப் புறநோயாளி சிகிச்சை, மருந்து, தொழிலாளி நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் எல்லாம் அதில் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை. அவருக்கு 1951இல் தனிச் சட்டம் போட்டு, மருத்துவ வசதியை முதலாளியின் பொறுப்பில் விட்டார்கள். அதுவும் 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் இருக்கும் தோட்டங்களுக்குத்தான். சிறு தோட்டங்களில் கூலிக்குப் போகும் நம் மக்கள் இரண்டுக்கும் வெளியே நின்றார்கள்.

ஆக, நம் குடும்பங்களுக்கு ஏற்றது முதலமைச்சர் காப்பீடுதான். ஆனால் அதன் வாசலில் ஒரு தடை நிற்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. நாள் கூலி 400 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று எழுதினால் ஒருவருக்கே ஆண்டுக்கு 1,20,000 வந்துவிடும். கணவனும் மனைவியும் உழைத்தால் அந்தக் குடும்பம் 'வசதியானது' ஆகிவிடுகிறது! காப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்கள் போனால் மலையில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாள் கூலியை ஆண்டு முழுவதற்கும் பெருக்காமல், உண்மையில் வேலை கிடைத்த நாட்களை வைத்து வருமானச் சான்று தர வேண்டும். இதுதான் வருவாய்த் துறையிடம் நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, பதிவு மலைக்கு வர வேண்டும் என்பது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு சேலம் ஆட்சியர் அலுவலகம் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகிறது. மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மநத்தம், தலைச்சோலை என ஊராட்சிதோறும் முகாம் நடத்தினால் தலித் மக்களோடு மலையாளிப் பழங்குடி மக்களும் பயன்பெறுவார்கள்.

அட்டை வந்தாலும் சில செலவுகள் நம் தலையில்தான். சாதாரணக் காய்ச்சலுக்கான புறநோயாளிச் செலவு, பஸ் கட்டணம், இழந்த கூலி எதையும் இது ஈடுகட்டாது. அதனால் மலையிலுள்ள அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வலுவாக இருக்க வேண்டும். காப்பீட்டைக் காட்டி அவற்றைக் கைவிட அனுமதிக்கக் கூடாது. அரசு மருத்துவமனையிலும் அட்டையைக் காட்டுங்கள். காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனை, அனுமதித்த சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 104 அல்லது 1800 425 3993 எண்ணில் புகார் செய்யுங்கள்.

விடுதிகளில் தங்கிப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது உங்கள் லைனில் எத்தனை வீடுகளில் அட்டை இல்லை என்று எழுதி எடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

அந்த அக்கா தோட்டை அடகு வைக்கவில்லை. வருமானச் சான்றுக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.