கடலுக்குப் பாதை போட்டாச்சு. லாட்ஜ் படிக்கு என்ன வழி?

சென்னை,

மெரினாவில் சக்கர நாற்காலி போவதற்கு மரப்பாதை இருக்கிறது. மணலில் சிக்காமல் கடல் பக்கம் போகலாம். காற்று வாங்கலாம். அலையைப் பார்க்கலாம். எல்லாம் சரி. ராத்திரி எங்கே தங்குவது?

பெரிய ஓட்டலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. கையில் இருக்கும் காசுக்கு திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் ரூம் போடுகிறார்களே, அவர்களுக்குத்தான் கவலை. வாசலில் 3 படி. உள்ளே போனால் லிப்டுக்கு முன்னால் 2 படி. அறைக்குள் போனால் பாத்ரூமுக்கு ஒரு படி. ஆக மொத்தம் 6 படி. காலில் தெம்பு இருப்பவர் இதை எண்ணிக்கூட பார்க்க மாட்டார். நடக்க முடியாதவருக்கு அது 6 மாடி!

263 மீட்டர் பாதை

மெரினா மரப்பாதை 27-11-2022 அன்று திறக்கப்பட்டது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே உள்ள மணல்பரப்பில் இது போடப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு ரூ.1 கோடியே 14 லட்சம்.

அதற்கு முன்பு, டிசம்பர் 3-ந் தேதி மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகமாக பாதை போடுவார்கள். பிறகு பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் சர்வீஸ் ரோட்டில் நாற்காலியை நிறுத்தி, தூரத்தில் தெரியும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் நிரந்தரப் பாதை கேட்டு குரல் எழுந்தது. நிரந்தரப் பாதையும் வந்தது.

வந்து 2 வாரம்கூட ஆகவில்லை. மாண்டஸ் புயல் வந்துவிட்டது! டிசம்பர் 9-ந் தேதி இரவு மாமல்லபுரம் அருகே அந்தப் புயல் கரையைக் கடந்தபோது, அலை வந்து பாதையை சேதப்படுத்தியது. பிறகு மாநகராட்சி அதைச் சரி செய்தது.

புயல் உடைத்ததை சரி செய்தாகிவிட்டது. அங்கிருந்து ஒரு மைல் தூரம்கூட இல்லாத லாட்ஜ் வாசல்படிகளை எந்தப் புயலும் தொடவில்லை. யாரும் தொடவில்லை.

யார் வருகிறார்கள்?

பார்த்தசாரதி கோவில், வாலாஜா பெரிய பள்ளிவாசல், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், சென்னை பல்கலைக்கழகம் - எல்லாம் கூப்பிடு தூரம். அதனால் திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கும் லாட்ஜ்களுக்கும் என்றைக்கும் கிராக்கி. இன்டர்வியூவுக்கு வரும் இளைஞர், மேட்ச் பார்க்க வரும் ரசிகர், சாமி கும்பிட வரும் குடும்பம் என்று எல்லா ஊர்க்காரர்களும் இங்கே பெட்டியை இறக்குகிறார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். புதிய தலைமைச் செயலகத்துக்காக கட்டப்பட்டு, 2014-ல் பன்னோக்கு மருத்துவமனையாக மாறிய ஓமந்தூரார் வளாக ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரியும் தூரம் இல்லை. வெளியூரில் இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர் வேறு எங்கே போய் தங்குவார்? நடக்க முடியாதவர்கள் அதிகம் தேடி வரும் இடத்திலேயே, நடக்க முடிந்தவர்களுக்காக மட்டும் கட்டிய அறைகள்!

‘வாங்க சார், பாத்துக்கலாம்!’

திருச்சி பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, மகன். அப்பாவுக்கு பக்கவாதம். ஒரு பக்கம் கை, கால் வராது. டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கூடத் தங்கி கடலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கு ஆசை.

மகன் விவரமானவர். முன்கூட்டியே லாட்ஜுக்கு போன் போடுகிறார். 

“அண்ணே, லிப்ட் இருக்குங்களா?”

“இருக்கு சார்.”

“அப்பாவுக்கு வீல்சேர். உள்ள வருமா?”

“வாங்க சார், பாத்துக்கலாம். நம்ம பசங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க.”

இதில் ஒரு வார்த்தைகூட பொய் இல்லை. லிப்ட் இருக்கிறது. பையன்களும் இருக்கிறார்கள். தூக்கத்தான் செய்வார்கள்! ஆனால் மகன் கேட்டது வேறு, மேனேஜர் சொன்னது வேறு என்பது ஆட்டோவில் இருந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நாற்காலியோடு தூக்குகிறார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். “பாத்து, பாத்து” என்று அம்மா பின்னாலேயே ஓடுகிறார். வீட்டில் நாலு பேருக்கு உத்தரவு போட்ட மனிதர், சாமான் மாதிரி மேலே போகிறார். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

லிப்டில் ஆள் ஏறலாம். நாற்காலி ஏறாது. அப்பாவை இறக்கி, மகன் தோளில் சாய்த்து நிறுத்தி, நாற்காலியை மடக்கி, இன்னொரு தடவையில் மேலே கொண்டுவர வேண்டும். தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் பல இடங்களில் தரைத்தளத்தில் கடை இருக்கும். அல்லது ஸ்டோர் ரூம் இருக்கும்.

பாத்ரூம் கதவு

படியையாவது தூக்கிக் கடந்துவிடலாம். பாத்ரூம் கதவை என்ன செய்வது?

சாதாரண மடக்கு நாற்காலியின் அகலம் 25, 26 அங்குலம். சக்கரத்தை உருட்டும் கைக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும். லாட்ஜ்காரரைக் கேட்டால் “ரெண்டரை அடி கதவு சார்” என்பார். அது நிலையின் வெளி அளவு! இரண்டு பக்க நிலைக்கட்டையும், திறந்து நிற்கும் கதவின் கனமும் போக, உள்ளே மிஞ்சுவது 2 அடியைத் தாண்டினால் அதிகம். நாற்காலி வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட கட்டிட வழிகாட்டு நெறிகள், கதவு திறந்த பின் 900 மில்லி மீட்டர் வழி இருக்கவேண்டும் என்கின்றன. கிட்டத்தட்ட 3 அடி. நாற்காலி உள்ளே போய் திரும்புவதற்கு 5 அடிக்கு 5 அடி தரை வேண்டும். பழைய லாட்ஜ்களில் பாத்ரூமே அவ்வளவு இருக்காது.

பாத்ரூமுக்கு ஏன் படி? பழைய கட்டிடங்களில் முதலில் பொதுக் கக்கூஸ்தான் இருந்தது. ‘அட்டாச்டு பாத்ரூம்’ கேட்கும் காலம் வந்ததும் அறைக்குள்ளேயே தடுத்துக் கட்டினார்கள். கழிவுநீர்க் குழாயை தளத்துக்கு மேலேயே போட்டு, அதன்மேல் தரையை உயர்த்தினார்கள். அந்த உயரம்தான் படியாக நிற்கிறது. உள்ளே ஈரத் தரை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. கையில் சிக்குவது குழாயும், வாளி மாட்டும் கொக்கியும்தான். குழாயைப் பிடித்தால் குழாய் கையோடு வரும்!

பக்கவாதம் வந்தவருக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். மூட்டு வலிக்கார அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். உள்ளே வந்து தூக்கிவிடு என்று யாரைக் கூப்பிடுவது?

கண் பார்வை இல்லாதவருக்கு வேறு கஷ்டம். அறை எண்ணை கதவில் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். தடவிப் பார்த்தால் தெரியாது. 12 சுவிட்ச் உள்ள பலகையில் மின்விசிறிக்கு எது, வெந்நீருக்கு எது என்று ஒரு தடவை கையைப் பிடித்து காட்டிவிட்டால் போதும். சொல்லத்தான் ஆள் இல்லை. காது கேளாதவர் அறைக்குள் இருந்தால், வெளியே எவ்வளவு நேரம் கதவைத் தட்டினாலும் பிரயோஜனம் இல்லை. நெருப்பு பிடித்தால்கூட அவருக்குத் தெரியாது. மணி அடிக்கும்போது உள்ளே ஒரு பல்பு எரிந்து அணைகிற மாதிரி செய்ய ஓர் எலெக்ட்ரீஷியன் போதும்.

முதலாளி பக்க நியாயம்

லாட்ஜ்காரர்களை மட்டும் திட்டுவதும் நியாயம் அல்ல. சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அரை அடி படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி. நீளம் 18 அடி! திருவல்லிக்கேணி சந்தில் 18 அடி நீட்டினால் எதிர்வீட்டுக்காரர் வாசலில் போய் இறங்கும். சுருக்கிப் போட்டால் செங்குத்தாகிவிடும். நாற்காலி பின்னால் சாய்ந்து ஆளைக் கவிழ்க்கும். சில இடங்களில் பேருக்கு ஒரு சிமெண்டு சரிவு போட்டிருப்பார்களே, அது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் லாயக்கு.

கட்டிடம் ஒருவருடையது, லாட்ஜ் நடத்துகிறவர் வேறொருவர் என்ற ஏற்பாடும் உண்டு. சுவரில் கை வைக்க இவருக்கு உரிமை இல்லை. செலவு செய்ய அவருக்கு மனம் இல்லை.

ஆனால் கதவை கழற்றிவிட்டு திரை மாட்ட எந்த அனுமதியும் வேண்டாம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி ஒன்று, குளிக்க வழுக்காத ஸ்டூல் ஒன்று. ஸ்டோர் ரூமை மாடிக்கு மாற்றி, கீழே ஓர் அறை. 30 அறையில் ஒன்றே ஒன்று! சந்துக்குள் நீட்ட முடியாத சாய்தளத்தை, வாசலில் சுவரை ஒட்டி பக்கவாட்டில் போட முடியுமா என்று ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டவர் எத்தனை பேர்?

சட்டம் இருக்கிறது

நட்சத்திர ஓட்டல் என்று பெயர் வாங்க வேண்டுமானால், மாற்றுத்திறனாளிகளுக்கு தனி அறை வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதி சொல்கிறது. கதவு எத்தனை அகலம், பாத்ரூமில் கம்பி எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நட்சத்திரம் வேண்டும் என்று கேட்கிறவருக்குத்தான் அந்த விதி. திருவல்லிக்கேணி லாட்ஜ் எந்தக் காலத்தில் நட்சத்திரம் கேட்டது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி விடவில்லை. அரசு கட்டிடமோ, தனியார் கட்டிடமோ, பொதுமக்கள் வந்து போகிற வியாபார இடம் என்றால் அது பொதுக் கட்டிடம்தான். பழைய பொதுக் கட்டிடங்களையும், விதிகள் வெளியான நாளில் இருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி ஆக்க வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதம். 5 ஆண்டு 2022 ஜூனில் முடிந்துவிட்டது! சட்டத்தை மீறினால் முதல் தடவை ரூ.10 ஆயிரம் வரை அபராதம். மறுபடியும் மீறினால் ரூ.50 ஆயிரத்தில் இருந்து ரூ.5 லட்சம் வரை.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. எப்படிக் கட்ட வேண்டும் என்று சொன்ன 15-வது விதி, வெறும் ஆலோசனைகளையே சுட்டிக்காட்டியது. ‘செய்தால் நல்லது’ என்ற தோரணை. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005-ல் தொடர்ந்த வழக்கில், 8-11-2024 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்த விதி சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமாகச் செய்ய வேண்டியவை எவை என்று பிரித்து, 3 மாதத்தில் விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 

ஊருக்குள் போய்வர வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. 2024 ஆகஸ்டில் சென்னை மாநகர பஸ்களில் தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. மெட்ரோ ரெயில் நிலையங்களில் லிப்ட் இருக்கிறது. மெரினாவில் மரப்பாதை. பஸ்சில் இருந்து இறங்கி, கடலைப் பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அறைக்குத் திரும்பினால் அதே மூன்று படி.

கடற்கரையில் மாலை

அந்தத் திருச்சிக் குடும்பம் மறுநாள் சாயங்காலம் மெரினாவுக்கு வருகிறது. மரப்பாதையில் மகன் நாற்காலியைத் தள்ளுகிறார். பாதி தூரம் வந்ததும் அப்பா கையைக் காட்டுகிறார். “விடு தம்பி. நானே போறேன்.”

நல்லா இருக்கிற ஒரு கையால், ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் உருட்டுகிறார். நாற்காலி கோணிக்கொண்டு போகிறது. மகன் பிடிக்கப் போனால் அம்மா கண்ணைக் காட்டித் தடுக்கிறார். எப்படியோ முனை வரைக்கும் வந்துவிடுகிறார். கடல் எதிரே விரிந்து கிடக்கிறது. வெகு நேரம் யாரும் பேசவில்லை.

சுண்டல் வருகிறது. வாங்கிக் கொடுக்கிறார்கள். மாங்காய் காரத்தில் அப்பாவுக்கு நாக்கு எரிகிறது. அம்மா பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகுகிறார்.

“கொஞ்சம் குடிங்க.”

“வேணாம்.”

“காலையில இருந்து ஒரு டம்ளர்கூட குடிக்கலையேங்க. மாத்திரை வேற போட்டிருக்கீங்க.”

“ராத்திரி அந்த பாத்ரூமுக்கு போகணும்ல? ஊருக்குப் போய் குடிச்சிக்கிறேன். நீ மூடி வை.”