கார் செட்டை மாற்றலாம், கம்பியை வெட்டாதீர்கள்

கம்பெனி கொடுத்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வேறு செட் மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஆர்டிஓ பிடிப்பாங்களா?" என்றுதான். பிடிக்க மாட்டார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. ஆர்சியில் ஸ்டீரியோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்களே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாலும் சட்டம் குறுக்கே வராது. வாரண்டியும் இன்சூரன்ஸும் வரும், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பிகளும் வரும்.

"வெளியே கை வச்சா வாரண்டி போயிடும் சார்" என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பையும் வெளியாருக்கு விடாமல் கைக்குள் வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த உத்தரவில் நமக்கு வேண்டிய பகுதி ஒன்று உண்டு. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது. வெளியே நடந்த வேலையின் கோளாறால் எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. ஆனாலும் நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துவைக்கத் தகுந்த வாதம் இது. செட் மாற்றியதைக் காட்டி என்ஜின் வாரண்டியை மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அதே சமயம், கம்பியை வெட்டிவிட்டு இந்த வாதத்தை வைத்தால் எடுபடாது. கம்பெனி ஒயரிங்கில் வெட்டும் டேப்பும் தெரிந்தால், பிறகு எந்த மின்கோளாறு வந்தாலும் பழி அந்த இடத்தின் மேல்தான் விழும். வெட்டாமல் இணைக்க வழி கப்ளர். உங்கள் கார் மாடலுக்கென்றே விற்கும் இணைப்புக் கப்ளரின் ஒரு முனை கம்பெனி சாக்கெட்டில் உட்காரும், மறுமுனை புது செட்டில் சேரும். ஒரு கம்பியும் அறுபடாது. நாளை காரை விற்கும்போது பழைய செட்டை அப்படியே திருப்பி மாட்டலாம். கப்ளருக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் கட்டிங் பிளேயரை எடுக்கிறார்கள். இதைவிட வீண் சிக்கனம் இந்த வேலையில் இல்லை.

வேலையில் இறங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்பது கார் கையேட்டில் இருக்கும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக் இணைப்பு, அதைத் தொடவே கூடாது. செட்டோடு வரும் மஞ்சள் கம்பி வேறு. கடிகாரத்தையும் நினைவகத்தையும் காப்பதற்காக எப்போதும் 12 வோல்ட் வாங்கும் கம்பி அது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டியது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேரடி மின்சாரத்தில் கொடுத்துவிட்டால் செட் சில சமயம் முழுதாக அணையாது. இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்திய கார் காலையில் ஸ்டார்ட் ஆகாதபோது பேட்டரி கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை ஸ்பீக்கர் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி உண்டு. அந்தக் கோடு போட்டதை எர்த் என்று நினைத்துப் பாடியோடு சேர்த்தால் செட்டின் ஆம்ப் போய்விடும்.

பியூஸ் போனால் பெரிய பியூஸ் போடும் பழக்கம்தான் தீயில் கொண்டுபோய் விடுகிறது. 10 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் போட்டால் செட் பாடும்தான். ஆனால் ஷார்ட் ஆகும்போது பியூஸுக்கு முந்திக் கம்பி எரியும். தனி ஆம்பும் ஊஃபரும் வைப்பவர்கள் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கோடையில் திருநெல்வேலியில் நிழலில்லாமல் நிற்கும் காருக்குள் டேஷ்போர்டு என்ன சூடாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். வெறும் இன்சுலேஷன் டேப்பின் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும், முறுக்கிய முனை வெளியே வந்து இரும்பில் உரசும். கிரிம்ப் செய்யுங்கள், அல்லது சால்டர் வைத்துச் சுருங்கும் உறை போடுங்கள்.

தாமிரபரணிக் கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லை சந்திப்பிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தண்ணீர் நின்றது. அப்போது மூழ்கிய கார்கள் துடைத்துப் பழைய கார் சந்தைக்கு வந்திருக்காது என்று எப்படிச் சொல்வது? பழைய கார் வாங்கியவர் செட்டைக் கழற்றும்போது பின்னால் வண்டல் படிவோ கப்ளர் முனைகளில் பச்சைக் களிம்போ கண்டால், புது செட்டை மாட்டாமல் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நின்றதை மறைத்து விற்றவர் கார் வியாபாரி என்றால், அந்தப் படம் அவர் மீதான புகாருக்குச் சான்று.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் செட் மலிவாகத் தோன்றலாம். வாங்கிய நாட்டு வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் பாருங்கள். ரேடியோவிலும் ஒரு வம்பு உண்டு. நம் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, அமெரிக்காவில் இடைவெளி 10. அந்த அமைப்பிலேயே செட்டை விட்டால் 1190க்கும் 1200க்கும் தாவும்; நெல்லை வானொலியின் 1197இல் நிற்கவே நிற்காது. அமைப்பில் நாட்டை மாற்றினால் சரியாகும். பல ஆண்ட்ராய்டு செட்டில் மத்திய அலையே இல்லை என்பது வேறு சோகம். பாபநாசம் பக்கம் போகும்போது எஃப்எம் வழக்கத்தைவிட அதிகமாக இரைந்தால் நீலக் கம்பியைப் பாருங்கள். ஆன்டெனாவுக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம்.

பெரிய திரை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டில் ஹேண்ட் பிரேக்குக்கென்று ஒரு கம்பி இருக்கும். பிரேக் போட்டால்தான் படம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அதை எர்த்தில் கொடுத்து ஏமாற்றித் தருவதைச் சேவை என்று நினைக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் பார்த்துக்கொண்டு ஆபத்தாக ஓட்டினால் 184ஆவது பிரிவில் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ, இரண்டுமோ உண்டு.

இன்சூரன்ஸில் பலருக்கும் தெரியாத விஷயம் ஐஎம்டி 24 என்ற இணைப்பு. காரின் கம்பெனி விலையில் சேராத மின்சாதனங்களைத் தனியே மதிப்புச் சொல்லிப் பாலிசியில் சேர்க்க வேண்டும். மோட்டார் கட்டண விதிப்படி கூடுதல் பிரீமியம் மதிப்பில் 4 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் செட்டுக்கு ஆண்டுக்கு 800 ரூபாய். சேர்க்காத செட் திருடு போனாலோ நனைந்தாலோ அதற்கு இழப்பீடு கிடைக்காது. கோரிக்கையைக் காரணமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதிலில்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை.

செட்டே பழுதென்றால்? நீங்களே மாட்டியிருந்தால் "நீங்கதான் எரிச்சுட்டீங்க" என்பார் விற்றவர். அதனால் வாங்கும்போதே கடை மேசையில் 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெட்டி சட்டப்படி விற்கக் கூடாத பெட்டி. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நெல்லையிலேயே, வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. பில்லைக் காரிலேயே போட்டு வைக்காதீர்கள். கடைகளில் தரும் தெர்மல் தாள் சூட்டில் கறுத்துப் போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.