கடைசி ஒரு சென்டிமீட்டர்

முக்கால்வாசி உள்ளே போய்விடும். கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் அடம்பிடிக்கும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. 'நாலு போல்ட்டைப் போட்டு முடுக்கினால் தானாக வந்து உட்கார்ந்துவிடும்' என்று கை பரபரக்கும். இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் பயப்பட வேண்டிய நேரம் அதுதான். முடுக்கினால் அலுமினிய வார்ப்பின் காது உடையும். இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் வளையும்.

அங்கே இது பழைய பித்து. காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் கொண்டுவந்த 'செவன்' காரை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி அதற்குக் கிடையாது. 1973-ல் வாட் வந்து அந்தச் சலுகை போயிற்று, பித்து போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம் ஒன்று, 250 பவுண்டு இருந்தால் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று அட்டையிலேயே ஆசை காட்டியது. செவனைப் போன்ற சட்டத்தைச் சதுரக் குழாயில் வெல்டு அடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றையும் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். 'லோகாஸ்ட்' என்று அதற்குப் பெயர்.

ஒரே காரிலிருந்து வந்தவை என்பதால் எஞ்சினும் கியர்பாக்ஸும் அப்போது சண்டை போடவில்லை. பழைய எஸ்கார்ட்டுகள் தீர்ந்துபோகத் தொடங்கியதும்தான் வம்பு. 1980-ல் எஸ்கார்ட் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. 1982-ல் வந்த ஃபோர்டு சியராவில் இன்னும் பின்சக்கர இயக்கம். அதன் ஐந்து கியர் 'டைப் 9' பெட்டி நீளவாக்கில் உட்காரும். 1993-ல் சியராவின் இடத்துக்கு வந்த மாண்டியோவிலோ 16 வால்வு ஸீடெக் எஞ்சின் குறுக்குவாட்டில் கிடந்தது. ஆக, கட்டுகிறவருக்குப் பிடித்த எஞ்சின் ஒரு காரில், அவருக்குத் தேவையான கியர்பாக்ஸ் இன்னொரு காரில்.

இரண்டையும் சேர்ப்பது பெல் ஹவுசிங் என்ற மணி வடிவக் கூடு. ஸீடெக்குக்கும் டைப் 9-க்கும் பொருந்துகிற மாதிரி வார்த்தே விற்கிறார்கள். அதை வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் முடிந்திருக்கும்.

கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் மூக்கு, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் இருக்கும் சின்ன பைலட் பேரிங்கில் போய்த் தாங்க வேண்டும். முன்சக்கரக் காரில் அந்தத் தண்டை கியர்பாக்ஸே இருபுறமும் தாங்கிக்கொள்வதால், எஞ்சினில் அந்த பேரிங் பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கென்று ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்த வேண்டும். மறந்தால் தண்டின் முனை அந்தரத்தில் ஆடும். தண்டு அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் இன்னும் மோசம்: கிராங்க்கை முன்னால் நெட்டித் தள்ளி, அதன் த்ரஸ்ட் வாஷரைத் தின்றுவிடும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று கட்டியவர் புலம்புவார். எஞ்சின் மேல் ஒரு பிழையும் இருக்காது.

கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு எஜமானர்கள். நடு ஓட்டையின் வரிப்பற்கள் கியர்பாக்ஸ் தண்டுக்குப் பொருந்த வேண்டும் (டைப் 9-ல் ஓர் அங்குல விட்டம், 23 பற்கள்). வெளிவட்டம் எஞ்சின் பக்கத்து பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும். பூட்டும்போது மையம் பார்த்துப் பூட்டவில்லையென்றால், முதலில் சொன்ன அந்த ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகவே போகாது. மரக்குச்சியில் டேப் சுற்றி மையம் பார்க்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். குச்சியும் தப்பில்லை. பெட்டியின் முழுக் கனத்தையும் அந்த பிளேட்டில் தொங்கவிடுவதுதான் தப்பு. ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது டயல் கேஜ் வேலை. ஃப்ளைவீலில் கேஜை மாட்டி, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றி, பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டை உண்மையிலேயே நடுவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் எல்லை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர். மீறினால் மையம் தள்ளிய டோவல் பின்னைப் போட்டுத் திருகிச் சரிசெய்கிறார்கள். ஒரு சாயங்கால வேலை. இதைச் செய்யாமல் விட்டால் கியர் விழச் சிரமப்படும், பேரிங் ஊளையிடும், காரணம் என்னவென்று மட்டும் கடைசிவரை பிடிபடாது.

எல்லாம் பொருந்திய பிறகும் ஒரு குறை பாக்கி. டைப் 9-ன் முதல் கியர் விகிதம் 3.65. ஒரு டன்னைத் தாண்டும் சியராவை நகர்த்த அது சரி. அரை டன் சொச்சம் இருக்கும் லோகாஸ்ட்டில் கண் இமைப்பதற்குள் முதல் கியர் தீர்ந்துவிடும், இரண்டாவதுக்குப் பெரிய பள்ளம். அதனால்தான் வி6 கார்களில் வந்த 3.36 பெட்டிக்கு அவ்வளவு கிராக்கி.

இத்தனை தொல்லை வேண்டாம் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்காமல் அப்படியே தூக்கி வைத்துவிடலாம். முதல் கார் கட்டுகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். இல்லை, ஸீடெக்தான் வேண்டும் என்கிறவர், இருக்கைத் தோல் வாங்குவதற்கு முன் டயல் கேஜ் ஒன்றை வாங்கிவிடட்டும்.